ஊட்டி, குன்னூர் பக்கம் பழைய கல் வீடு வச்சிருக்கிறவங்க ஓதத்தை (சுவர்ல ஏறுற ஈரத்தை) எப்படி சமாளிக்கிறீங்க?

எங்களுது ஊட்டியில தாத்தா காலத்து வீடுங்க, ரெண்டடி தடிமன் சுவர், ரெண்டு பக்கமும் முகக்கல் வச்சு நடுவுல சில்லுக்கல்லும் மண்ணும் சுண்ணாம்பும் ரொப்பி கட்டினது. இந்த மாதிரி சுவர் மழையில ஈரத்தை இழுக்கும், வெயில் வந்தா வெளிய விட்டுடும். இங்க கோயம்புத்தூர் கலெக்டரா இருந்த வெள்ளைக்காரர் சல்லிவன் கல் பங்களா கட்ட ஆரம்பிச்சது 1822, போர்ட்லேண்ட் சிமென்ட்டுக்கு பேட்டன்ட்டே 1824ல தான், அதனால பழைய கல் வீடுங்க எல்லாம் சுண்ணாம்பை நம்பி நின்ன வீடுங்க.

நடுவுல வாடகைக்கு இருந்தவங்க உள்பக்கம் மூணடிக்கு சிமென்ட் பூசி அதுக்கு மேல வாட்டர்ப்ரூஃப் பெயின்ட் அடிச்சுட்டாங்க. ஈரம் வெளிய வர வழியில்லாம மேல ஏறிடுச்சு, ஜூன் பொறந்தா சிமென்ட் முடியற இடத்துக்கு மேல வெள்ளையா உப்பு பூக்கும், பெயின்ட் கொப்புளம் போடும், பீரோவுல இருக்கிற பட்டுப்புடவை வரைக்கும் பூசண வாடை.

ஒரு கம்பெனிக்காரர் வந்து ஈரம் காட்டுற மீட்டரை வச்சுப் பாத்துட்டு, ஈரம் மேல ஏறாம தடுக்க சுவர்ல வரிசையா ஓட்டை போட்டு கெமிக்கல் ஏத்தணும்னு பெரிய தொகை சொன்னார். எங்க ஊர் கொத்தனார் அண்ணன் ஒத்துக்கவே இல்ல. நடுவுல அவ்வளவு சந்து இருக்கு, மருந்து சந்துல ஓடிடும் தம்பி, ஒரே கோடா நிக்காதுன்னார். அந்த மீட்டரும் சுவர்ல உப்பு இருந்தாலே எகிறும்னு அப்புறம் தான் தெரிஞ்சுது. மொதல்ல வெளிய போய் பாருங்கன்னு அவர் சொன்னது தான் எங்களுக்கு வழி காட்டுச்சு, ஏன்னா வீட்டுக்குப் பின்னாடி மேடு, மண்ணு சரிஞ்சு சரிஞ்சு உள் தரையை விட ஒரு அடி ஒசரமா சுவர ஒட்டி நின்னுச்சு, கூரைத் தண்ணியும் அங்கயே கொட்டுது. மண்ணை இறக்கி, சுவருக்குத் தள்ளி வாய்க்கால் வெட்டி, ஓட்டை போட்ட பைப் வச்சு ஜல்லி ரொப்பி சரிவு பக்கம் விட்டோம், உடைஞ்ச தகரத் தாரையை மாத்தினோம். அந்த வருஷ மழைக்கே வித்தியாசம் தெரிஞ்சுது.

அப்புறம் தான் சிமென்ட்டை கொத்தி எடுத்து, பூத்த உப்பை காஞ்ச பிரஷ்ல தேச்சு எடுத்து (தண்ணி ஊத்தி கழுவினா உப்பு கரைஞ்சு திரும்ப உள்ள போயிடும்), ஊற வச்ச சுண்ணாம்புல கடுக்காய்த் தண்ணி சேர்த்து பூசினோம். இதை பங்குனி, சித்திரையில வச்சுக்கோங்க ப்ளீஸ், சுண்ணாம்பு காத்துல இருந்து தான் இறுகும், மழையில பூசினா உதிரும்.

குளிருக்கு என்ன பண்ணீங்கன்னு கேக்கணும். சுவர்ல தெர்மாகோல், ஃபாயில் போர்டு ஒட்ட எனக்கு மனசு வரல, பின்னாடி பூஞ்சை பிடிச்சா கண்ணுக்கே தெரியாது. மரச் சீலிங்குக்கு மேல கிளாஸ் வூல் (கண்ணாடி நார் பஞ்சு) விரிச்சதுல ராத்திரி குளிர் நல்லாவே குறைஞ்சிருக்கு.

— குன்னூர்ல இருந்து:

எங்களுக்கு ஐப்பசி, கார்த்திகை மழை தான் ஜாஸ்தி. ஆனா எங்க வீட்டுல பாதி ஈரம் சுவர்ல இருந்து வரவே இல்லங்க. ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை சுவர்ல நாலு பக்கமும் டேப் ஒட்டி ரெண்டு நாள் விட்டுப் பாத்தோம், ரூம் பக்கம் தான் தண்ணி கோத்திருந்துச்சு, சுவர்ல இருந்து வந்திருந்தா ஷீட்டுக்குப் பின்னாடி கோத்திருக்கும். உள்ள துணி காய வைக்கிறது, கதவை சாத்திட்டு கேஸ் ஹீட்டர் போடுறது, எல்லாம் ஜில்லுனு இருக்கிற கல்லுல போய் படியுது. ஒரு கிலோ கேஸ் எரிஞ்சா ஒன்றரை லிட்டருக்கு மேல தண்ணி ஆவியா வருது! கரண்ட் ஹீட்டருக்கு மாறி, அடைச்சு வச்ச வென்டிலேட்டரைத் திறந்து, பீரோவை சுவர விட்டு ஒரு சாண் தள்ளிப் போட்டோம், வடக்கு ரூம்ல கரும்புள்ளி நின்னுடுச்சு.

— கோத்தகிரி:

கேஸ் வேணாம்னு கரி அடுப்பை ரூமுக்குள்ள கொண்டு போயிடாதீங்க, கதவை சாத்திட்டு தூங்கினா உயிரே போயிடும், கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது. பழைய கணப்பு இருந்தா புகைபோக்கியை சுத்தம் பண்ணி அதுல விறகு போடுங்க, கல்லு சூடாக நேரம் எடுக்கும், ஆனா சாயங்காலமே மூட்டினா ராத்திரி முழுக்க கதகதப்பு இருக்கும். அப்புறம், மேல எழுதினவர் சுண்ணாம்பு எங்க வாங்கினீங்க, எத்தனை நாள் ஊற வச்சீங்கன்னு சொல்லுங்க, மாசியில நாங்களும் ஆரம்பிக்கப் போறோம்.