'சிங்கிள் டேக்' குறும்படம்: 'ஓரெடுப்புப் படம்' எனலாமா?

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கம். எங்கள் ஊர்த் திரைப்பட ஆர்வலர்கள் நடத்தும் குறும்படப் போட்டியின் அறிவிப்பு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பரிசுத்தொகை கிடையாது. வெல்பவருக்குப் புத்தகங்கள், வருகிற அனைவருக்கும் மதிய உணவு. விதியும் ஒன்றுதான்: ஐந்து நிமிடத்துக்குள், கேமராவை இடையில் நிறுத்தாமல், ஒரே தொடர்ச்சியாக எடுத்த படமாக இருக்க வேண்டும். 'சிங்கிள் டேக்' என்றே போட்டுவிடலாம் என்பது குழுவில் பாதிப் பேரின் கருத்து. அறிவிப்பு முழுவதையும் தமிழில் எழுதிவிட்டு, அதற்கு உயிரான அந்த ஒரு விதியை மட்டும் ஆங்கிலத்தில் விட எனக்கு மனம் வரவில்லை. 'ஓரெடுப்பு' என்ற சொல்லை அதனால்தான் முன்வைத்தேன். வந்த மறுப்புகளுக்கெல்லாம் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

> ஐயா, 'ஓரெடுப்பு' என்றால் ஒரே ஒரு முறைதான் எடுத்துப் பார்க்கலாம் என்று மாணவர்கள் மிரண்டுவிடுவார்கள்.

நல்ல கேள்வி, தம்பி. ஆனால் 'ஓரங்க நாடகம்' என்கிறோம். அதற்கு ஒரே ஒரு ஒத்திகைதான் என்று யாரும் எடுத்துக்கொள்வதில்லை. எண்ணிக்கை படைப்புக்குள் இருப்பதைக் குறிக்கிறது, அதற்காகப் பட்ட பாட்டை அல்ல. இலக்கணத்தில் 'ஓரெழுத்து ஒருமொழி' என்று படித்த காதுக்கு 'ஓரெடுப்பு' அந்நியமாகவும் ஒலிக்காது.

இவ்வகைப் படங்களில் பெயர்பெற்ற சில முதல் முயற்சியில் முடிந்தவை அல்ல. ரஷ்ய இயக்குநர் அலெக்சாண்டர் சொக்கூரவ் செயின்ட் பீட்டர்ஸ்பர்க்கின் ஹெர்மிடாஜ் அருங்காட்சியகத்துக்குள் எடுத்த 'ரஷ்யன் ஆர்க்' (2002) நான்காவது எடுப்பில்தான் கைகூடியது. முதல் மூன்றும் பாதியில் நின்றவை. அருங்காட்சியகம் அவர்களுக்குக் கிடைத்ததோ ஒரே ஒரு நாள். டிசம்பர் மாதம், வெளிச்சம் சீக்கிரமே மங்கிவிடும் வடக்கத்தி ஊர். பெர்லின் தெருக்களில் 138 நிமிடம் அறுபடாமல் ஓடும் 'விக்டோரியா' (2015) மூன்றாவது எடுப்பு. 'நான்காவது எடுப்பு', 'மூன்றாவது எடுப்பு' என்று இப்போது எழுதும்போதே சொல் தானாகப் பொருந்துவதைக் கவனியுங்கள்.

> முதலில் 'ஷாட்'டுக்குத்தான் தமிழ் வேண்டும். பார்த்திபனின் 'இரவின் நிழல்' வந்தபோது 'சிங்கிள் ஷாட்' என்றுதானே விளம்பரம் செய்தார்கள்?

ஆம், 2022இல் அப்படித்தான் பேசப்பட்டது. இரண்டும் ஒன்றல்ல என்பதால்தான் நான் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். 'ஆக்‌ஷன்' என்பதிலிருந்து 'கட்' என்பது வரை கேமரா ஓடிப் பதிவாவது டேக். முடிந்த படத்தில் ஒரு வெட்டுக்கும் அடுத்த வெட்டுக்கும் இடையே திரையில் நிற்பது ஷாட். ஒரு ஷாட்டுக்காகப் பத்து டேக் போகலாம்; ஒரு டேக்கை நறுக்கி நான்கு ஷாட்டாகவும் பயன்படுத்தலாம். டேக் படப்பிடிப்புத் தளத்துச் சரக்கு, ஷாட் படத்தொகுப்பு மேசையின் சரக்கு. நம் போட்டிக்கு வரும் படத்தில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன, அவ்வளவே. விதி தளத்தில் நடப்பதைப் பற்றியது என்பதால் டேக்குக்கான சொல்லே இங்கு வேண்டும். ஷாட்டுக்குக் 'காட்சித்துண்டு' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அறுபடாத படத்தைப் போய் 'ஒற்றைத் துண்டு' என்பதா? அதைப் பிறகு தனி இழையில் பேசுவோம்.

> 'எடுப்பு' இசையில் ஏற்கெனவே இருக்கிற சொல். குழப்பம் வராதா?

இருக்கிறது. பல்லவி, அனுபல்லவி, சரணம் மூன்றையும் எடுப்பு, தொடுப்பு, முடிப்பு என்று தமிழிசையார் சொல்வார்கள். தாள வட்டத்தில் பாட்டு தொடங்கும் இடத்துக்கும் எடுப்பு என்றே பெயர். துறை வேறு என்பதால் மோதல் இல்லை. அதோடு, படம் 'எடுக்கிறோம்' என்பதுதான் தமிழ்நாட்டில் சின்னக் குழந்தை வரை புழங்கும் வினை. அதிலிருந்து பிறந்த பெயரை விட்டுவிட்டு வேறெங்கே போய்த் தேடுவது?

> 'ஓரோட்டப் படம்' எப்படி? கேமரா ஓடுகிறது, படமும் ஓடுகிறது.

மிக அழகான சொல், எனக்கும் ஆசை வந்தது. ஆனால் 'நூறு நாள் ஓடிய படம்' என்பது நம் பேச்சில் ஆழமாக ஊறிய வழக்கு. 'ஓரோட்டப் படம்' என்றதும் ஒரே காட்சியோடு தியேட்டரைவிட்டு எடுக்கப்பட்ட படம் என்று ஒருவர் நினைத்தாலும் போதும், சொல் கெட்டது. இதே காரணத்தால் 'தொடர்ப்படம்' என்பதையும் ஒதுக்கினேன். அது தொலைக்காட்சித் தொடரைக் காட்டிவிடும்.

இதைவிட அவசரமாக ஒரு சொல் தேவைப்படுகிறது. வெட்டை ஒளித்துவைக்கும் வித்தைக்கு என்ன பெயர்? இயக்குநர் ஹிட்ச்காக் 1948இல் 'ரோப்' எடுத்தபோது கேமராவில் ஏறும் ஆயிரம் அடிச் சுருள் பத்துப் பதினோரு நிமிடம்தான் தாங்கும். அதனால் ஒரு பாத்திரத்தின் கோட்டு முதுகு திரையை மறைக்கும்வரை நெருங்கிப் போய், அந்த இருட்டில் வெட்டி, அங்கிருந்தே அடுத்த சுருளைத் தொடங்கினார். 2019இல் வந்த '1917' போர்ப்படமும் பல எடுப்புகளைத் தையல் தெரியாமல் இணைத்ததுதான். இதை 'மறைவெட்டு' என்று நான் எழுதுகிறேன். கையில் இருக்கும் செல்போனில் இன்று எந்த மாணவரும் இதைச் செய்யலாம். இருண்ட வாசலுக்குள் நுழைவது போல ஒரு கணம், சட்டென்று கேமராவைச் சுழற்றும் ஒரு கணம், போதும்.

இதில் ஏமாற்று ஒன்றும் இல்லை, அதுவும் ஒரு கலைதான். ஆனாலும் நம் போட்டியில் அனுமதிக்கக் கூடாது என்பதில் உறுதியாக இருக்கிறேன். வெயிலடிக்கும் திண்ணையில் தொடங்கி இருட்டுச் சமையலறை வரை ஒரு பெண்ணைப் பின்தொடர வேண்டும் என்று வையுங்கள். கேமராவின் வெளிச்ச அளவைத் திண்ணைக்கு ஏற்றபடி பூட்டினால் உள்ளே அவள் முகம் தெரியாது. சமையலறைக்குப் பூட்டினால் திண்ணை வெளுத்துப்போகும். தானியங்கியாக விட்டால் நிலைப்படியைத் தாண்டும்போது படம் முழுவதும் சட்டென இருண்டு பிறகு வெளுத்து ஒருமுறை மூச்சு வாங்கும். அங்கேதான் ஒருவர் யோசிக்கத் தொடங்குவார். திண்ணையில் ஒரு சாக்குப் படுதா தொங்கவிடலாமா, நிலைப்படியில் அவளைக் குனிந்து செருப்பைக் கழற்றச் சொல்லி அந்த மூச்சுக்கு நேரம் கொடுக்கலாமா என்று. மறைவெட்டுக்கு இடம் கொடுத்தால் அந்த யோசனையே பிறக்காது. 1895இல் சினிமாவின் முன்னோடிகளான லூமியேர் சகோதரர்களுக்குக் கிடைத்தது 17 மீட்டர்ச் சுருள், ஏறத்தாழ 50 விநாடி. கேமராவை எங்கே வைப்பது, எந்தக் கணத்தில் கைப்பிடியைச் சுற்றத் தொடங்குவது என்பதிலேயே அவர்கள் படம் முழுவதும் இருந்தது. நம் பிள்ளைகளுக்கும் அந்த நெருக்கடி ஒருமுறை கிடைக்கட்டும்.

ஆக, அறிவிப்பில் இப்படிப் போட நினைக்கிறேன்:

'ஓரெடுப்புப் படங்கள் மட்டும். எத்தனை முறை வேண்டுமானாலும் எடுத்துப் பார்க்கலாம். அனுப்புவது அவற்றில் ஒன்றாக, முதல் நொடி முதல் கடைசி நொடி வரை வெட்டின்றி இருக்க வேண்டும். மறைவெட்டும் வெட்டே. தலைப்பும் பெயர்ப் பட்டியலும் பின்னர் சேர்த்துக்கொள்ளலாம். செல்போனில் பதிவான மூலக் கோப்பையும் உடன் அனுப்புக. எடுக்கும்போது அழைப்பு வந்து பதிவு நின்றுவிடாமல் இருக்க, போனை விமானப் பயன்முறையில் வைப்பது நல்லது.'

அடைப்புக்குறிக்குள் 'சிங்கிள் டேக்' என்று ஒருமுறை தமிழெழுத்தில் போடலாம் என்று கோவை நண்பர் கேட்டிருந்தார். முதல் ஆண்டு அறிவிப்பில் மட்டும் போடுவோம், சரி.

ஒரு சொல் இன்னும் பாக்கி. நடிகர்களும் கேமராவும் எந்த நொடியில் எங்கே நிற்பது, எங்கே நகர்வது என்று முன்கூட்டி வகுப்பதைத் தளத்தில் 'பிளாக்கிங்' என்கிறார்கள். ஓரெடுப்புப் படத்துக்கு இதுதான் முதுகெலும்பு. பயிற்சி வகுப்பில் முதல் நாளே சொல்லியாக வேண்டும். 'நகர்வு வரைவு' என்று தோன்றுகிறது, ஆனால் நிறைவாக இல்லை. மேடை நாடகத்திலும் கூத்திலும் இருக்கிறவர்கள் இதற்கு நடைமுறையில் என்ன சொல்கிறீர்கள்? வியாழன் மாலைக்குள் எழுதினால் அறிவிப்பில் சேர்த்துவிடுவேன்.

அன்புடன்,
போட்டிக் குழுவுக்காக