கோல்ஃப் மட்டை (கிளப்) ஃபிட்டிங்குக்குப் பெங்களூரு வரை போகத்தான் வேண்டுமா?

ஹஸ்தம்பட்டி நெட்டையன்:
எல்லோருக்கும் வணக்கம். உயரம் ஆறடி இரண்டங்குலம், வலது கை ஆட்டம், ஹேண்டிகேப் 24 (எண் ஏற ஏற ஆட்டம் சுமார் என்று அர்த்தம்). கையில் இருப்பது செகண்ட் ஹேண்டாக வாங்கிய பிங் கம்பெனி அயர்ன் (இரும்புத் தலை மட்டை) செட், ஹோசல் (தலையில் தண்டு நுழையும் கழுத்து) பக்கம் கறுப்புப் புள்ளி. முடிந்த ஞாயிறுகளில் கோவை செட்டிப்பாளையம் போய் ஆடுகிறேன். மற்றபடி ஏற்காட்டில் மாமாவின் காப்பித் தோட்டத்தில் வலை கட்டி அடிப்பதுதான். பிரச்சினை இதுதான்: 7 அயர்ன் நன்றாகப் பட்டாலும் பந்து வலது பக்கமே போகிறது. கிட்டே இருந்து அடிக்கும் வெட்ஜில் இன்னும் மோசம். புல் பெயர்ந்த தடத்தைப் பார்த்தால் கிளப்பின் நுனிப் பக்கம் ஆழமாக வெட்டியிருக்கிறது. கூட ஆடும் நண்பர், "பெங்களூரு போய் முறையாக ஃபிட்டிங் செய்துகொள்" என்கிறார், அதாவது கிளப்பை என் உடம்பு அளவுக்குப் பொருத்திக்கொள்ள வேண்டுமாம். சேலத்திலிருந்து தொப்பூர் கணவாய் ஏறி, ஓசூர் நெரிசலில் நின்று, ஒரு நாள் வியாபாரத்தையும் விட்டுவிட்டுப் போக வேண்டும். என்னைப் போன்ற ஆட்டக்காரனுக்கு அது தேவையா?

செட்டிப்பாளையம் சீனியர்:
தேவையில்லை தம்பி. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். 24 ஹேண்டிகேப்பில் உங்கள் ஸ்விங் ஒவ்வொரு அடிக்கும் வேறு வேறாக இருக்கும். அதில் எந்த ஸ்விங்கை அளந்து எதற்குப் பொருத்துவார்கள்? அந்தப் பணத்தை ஒரு நல்ல கோச்சிடம் கொடுங்கள். ஆறு மாதம் கழித்து ஸ்விங் மாறிவிட்டால் இன்று எடுத்த அளவு குப்பைக்குத்தான். அலி ஷேர் டெல்லியில் கேடியாக (ஆட்டக்காரரின் கிளப் பையைத் தூக்குபவராக) இருந்தவர். 1991-ல் இந்தியன் ஓப்பனை வென்ற முதல் இந்தியர் அவர்தான். நம் பெங்களூரு முனியப்பாவும் கேடியாக இருந்து வந்து 2009-ல் அதே கோப்பையை எடுத்தார். யாரோ கொடுத்த கிளப்பில் அடித்துப் பழகியவர்கள். அவர்களுக்கு எந்தக் கம்ப்யூட்டர் அளவெடுத்தது?

அழகாபுரம் டாக்டர்:
சீனியர் சார், கூடம் நிஜமாகவே கோணலாக இருந்தால் என்ன செய்வது?

நான் ஐந்தடி எட்டங்குலம். ஆட ஆரம்பித்தபோது கடையில் கேட்டது ஒரே கேள்வி, "மேடம், உங்களுக்கா, சாருக்கா?" எனக்குத்தான் என்றதும் லேடீஸ் செட்டை எடுத்து நீட்டினார்கள். அதில் 7 அயர்ன் ஆண்கள் செட்டைவிட ஓர் அங்குலம் குட்டை, சுமார் 36 அங்குலம். ஷாஃப்ட் (தண்டு) நாணல் மாதிரி வளையும். குனிந்து குனிந்து அடித்து இடுப்பு வலிதான் மிச்சம். கோச் "முதுகை நேராக வையுங்கள்" என்று திட்டிக்கொண்டே இருந்தார். முதுகு எப்படி நேராகும்? அப்புறம் வேறு ஒருவர் மணிக்கட்டிலிருந்து தரை வரை டேப் வைத்து அளந்து, ஆண்கள் நீள ரெகுலர் ஷாஃப்ட் கொடுத்தார். கோச் திட்டியதில் பாதி அன்றைக்கே சரியாகிவிட்டது. ஸ்விங் சரியானதும் ஃபிட்டிங் என்கிறீர்கள். ஸ்விங் சரியாகாததற்குக் காரணமே கிளப்பாக இருந்தால்?

அலி ஷேர், முனியப்பா கதை உண்மைதான், மறுக்கவில்லை. ஆனால் தினமும் மைதானத்திலேயே இருந்தவர்கள், கிடைத்த கிளப்புக்குத் தக்கபடி உடம்பைப் பழக்கிக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆடுகிற நமக்கு அது எங்கே நடக்கும்? அப்படிப் பழக முடியாமல் ஆட்டத்தை விட்டுப் போன கேடிகள் எத்தனை பேர் என்றும் யாரும் எழுதி வைக்கவில்லை.

செட்டிப்பாளையம் சீனியர்:
டாக்டர் மேடம், நீங்கள் சொல்வது தப்பான செட்டை வாங்கிய கதை. தம்பி வைத்திருப்பது முழு நீள ஆண்கள் செட்.

உருக்காலை ஓய்வு:
உயரமானவருக்கு அதுவும் தப்பான செட்டாக இருக்கலாம் சார். கொஞ்சம் கணக்குப் பார்ப்போம்.

கிளப்பைத் தரையில் வைக்கும்போது ஷாஃப்ட் தரையோடு செய்யும் கோணத்தை லை என்கிறோம். 7 அயர்னுக்கு அது சாதாரணமாக 62, 63 டிகிரி. நெட்டையன் தம்பியின் கை உயரத்தில் இருக்கும். அதனால் கிளப் தலையின் குதி (ஷாஃப்ட் சேரும் பக்கம்) மேலே தூக்கி, நுனி தரையில் குத்தும். நுனி கீழே போனால் பந்தில் படும் முகம் வலப்புறம் திரும்பும். எவ்வளவு திரும்பும் என்பது லாஃப்டை, அதாவது முகம் பின்னால் சாய்ந்திருக்கும் கோணத்தைப் பொறுத்தது. ஒரு டிகிரி லை தவறுக்கு, லாஃப்டின் டேன்ஜென்ட் அளவு. 33 டிகிரி 7 அயர்னில் 0.65 டிகிரி. 46 டிகிரி பிட்சிங் வெட்ஜில் ஒரு டிகிரிக்குச் சற்று மேல். 10 டிகிரி டிரைவரில் (தூரம் அடிக்கும் நீள மட்டை) வெறும் 0.18. வெட்ஜில் இன்னும் மோசம் என்று தம்பி சொன்னாரே, காரணம் இங்கே இருக்கிறது. டிரைவருக்கு லை பார்த்து யாராவது காசு கேட்டால் கொடுக்க வேண்டாம்.

மூன்று டிகிரி தவறு என்று வைத்துக்கொண்டால், 7 அயர்ன் முகம் சுமார் 2 டிகிரி வலது பக்கம் பார்க்கிறது. 150 கஜ தூரத்தில் 5 கஜம்.

செட்டிப்பாளையம் சீனியர்:
ஐந்து கஜம்! தம்பியின் பந்துகள் இடமும் வலமும் முப்பது கஜத்துக்குச் சிதறும். அதில் ஐந்து கஜத்துக்காக பெங்களூரு டோல்கேட்டுகளுக்கெல்லாம் கப்பம் கட்டச் சொல்கிறீர்கள். நல்ல கணக்கு.

உருக்காலை ஓய்வு:
சிதறல் வேறு, சாய்வு வேறு சார். சிதறலைக் குறைப்பது கோச் வேலை, அதில் எனக்கு மறுப்பே இல்லை. சாய்வு எத்தனை பயிற்சி எடுத்தாலும் அங்கேயே இருக்கும். அதைவிட மோசமான விஷயம், மனுஷன் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். நேராக அடித்த பந்து வலது பக்கம் போனால், அடுத்த முறை கையைத் திருப்பி இடது பக்கம் இழுப்பான். நல்ல அடிக்குத் தண்டனை, கெட்ட அடிக்குப் பரிசு. அந்த வழியில் பழகிய ஸ்விங்கைத்தான் பிறகு கோச் வந்து கலைக்க வேண்டியிருக்கிறது.

செவ்வாய்பேட்டை லேத்து:
கோல்ஃப் எனக்கு டிவியில் பார்த்ததோடு சரி. ஆனால் இது என்ன பெரிய விஷயம்? ஒரு இரும்புக் கம்பியை மூன்று டிகிரி வளைக்க வேண்டும், அவ்வளவுதானே. வைஸில் பிடித்து, பைப்பை மாட்டி ஒரு நெம்பு நெம்பினால் முடிந்தது. தேவைப்பட்டால் லேசாக கேஸ் காட்டலாம். நெட்டையன் அண்ணே, செட்டோடு வாருங்கள். கூலி வேண்டாம், ஒரு தட்டுவடை செட் வாங்கித் தந்தால் போதும்.

உருக்காலை ஓய்வு:
தம்பி, தயவுசெய்து வேண்டாம்!

பிங் அயர்ன்கள் பெரும்பாலும் வார்ப்பு. வார்ப்பு அயர்ன்களில் அதிகம் பயன்படுவது 17-4 ஸ்டெயின்லெஸ். 17 சதவீதம் குரோமியம், 4 சதவீதம் நிக்கல், கூடவே 4 சதவீதத்தை ஒட்டிச் செம்பு. அந்தச் செம்பு நுண்துகளாக உள்ளே படிவதால்தான் அத்தனை கடினம். வளைத்தால் வில் மாதிரி திரும்பி வரும். இன்னும் கொஞ்சம் என்று நெம்பினால் ஹோசலில் விரிசல் விடும். அதற்கென்று உள்ள மெஷினில் தலையைச் சரியாகக் கவ்விப் பிடித்து, கோணத்தை அளந்து அளந்து வளைப்பார்கள். அப்போதும் வார்ப்புத் தலைகளில் இரண்டு டிகிரிக்கு மேல் போகப் பலர் சம்மதிப்பதில்லை.

கேஸ் பற்றி: ஷாஃப்ட் தலையோடு எபாக்சி பசையில்தான் ஒட்டியிருக்கிறது. சூடு காட்டினால் முதலில் விடுவது அந்தப் பசை. ஆடும்போது தலை தனியாகப் பறந்து யார் மேலாவது விழும்.

செவ்வாய்பேட்டை லேத்து:
காந்தம் வைத்துப் பார்த்துவிட்டால் போகிறது. ஒட்டினால் சாதா இரும்பு, மெத்தென்று வளையும். ஒட்டாவிட்டால்தான் ஸ்டெயின்லெஸ்.

உருக்காலை ஓய்வு:
நீங்கள் நினைப்பது வீட்டுப் பாத்திரத்துக்கு வரும் 304. அது ஒட்டாது. 17-4 காந்தத்தில் நன்றாகவே ஒட்டும். காந்தத்தை நம்பி நெம்பினால் செட் போய்விடும். மெத்தென்று வளைவது கார்பன் குறைந்த இரும்பில் அடித்துச் செய்த ஃபோர்ஜ்டு அயர்ன். அது வளைவதும் சுலபம், வருஷக்கணக்கில் அடித்து அடித்துத் தானாகக் கோணம் மாறுவதும் உண்டு. அதனால்தான் அந்த வகை வைத்திருப்பவர்கள் வருடத்துக்கு ஒரு முறை லை, லாஃப்ட் இரண்டையும் சரிபார்க்கிறார்கள்.

ஓசூர் தாண்டிய சேலத்துக்காரன்:
பெங்களூருவில் இருப்பதால் சொல்கிறேன். ஃபிட்டிங்குக்குப் போகுமுன் இரண்டு விஷயம். கறுப்புப் புள்ளி என்றால் பிங் கணக்கில் ஸ்டாண்டர்ட் லை. நீலம், பச்சை என்று போகப் போக நிமிர்ந்த லை. சிவப்பு அதற்கு எதிர்ப்பக்கம், படுத்த லை. ஆக, உயரத்துக்கான மாற்றம் எதுவும் உங்கள் செட்டில் செய்யப்படவில்லை. முந்தைய சொந்தக்காரர் எங்காவது வளைத்திருந்தால் புள்ளி மட்டும் பழையதாகவே இருக்கும், அதையும் மனதில் வையுங்கள்.

இரண்டாவது, பல இடங்களில் ஃபிட்டிங் என்பது புது செட் விற்கும் வழி. பந்து போகும் தூரத்தை அளக்கும் லாஞ்ச் மானிட்டரில் புது 7 அயர்ன் பதினைந்து கஜம் கூடப் போனதாகக் காட்டுவார்கள். பழைய 7 அயர்ன் 34, 35 டிகிரி. இப்போது வருவதில் பல 30-க்கும் கீழே. நீங்கள் அடித்தது கிட்டத்தட்ட பழைய 6 அயர்ன், எண் மட்டும் 7. போனதும் "இருக்கிற செட்டின் லை, நீளம், கிரிப் (கைப்பிடி) மட்டும் பார்க்க வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். முகம் சுளித்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

செட்டிப்பாளையம் சீனியர்:
இதைத்தான் நான் முதலில் இருந்து சொல்கிறேன். கடைக்காரன் அளப்பது உங்கள் பர்ஸை.

அழகாபுரம் டாக்டர்:
அது கடையின் குற்றம் சார், அளவெடுப்பதன் குற்றம் இல்லை. கடையே வேண்டாம் என்றால் வீட்டிலேயே ஒரு சோதனை இருக்கிறது. வைட்போர்டு மார்க்கரால் பந்தில் தடிமனாக ஒரு கோடு போட்டு, கோடு செங்குத்தாக, கிளப் முகத்தைப் பார்த்திருக்கும்படி வைத்து அடியுங்கள். கோடு முகத்தில் பதியும். நேராக நின்றால் லை சரி. மேல்முனை நுனிப் பக்கம் சாய்ந்தால் கிளப் அதிகம் நிமிர்ந்தது. குதிப் பக்கம் சாய்ந்தால் அதிகம் படுத்தது.

ஹஸ்தம்பட்டி நெட்டையன்:
ஏற்காட்டு வலையில் அடித்துப் பார்த்தேன். மாமா பந்தில் பொட்டு வைத்து அடிப்பதைப் பார்த்து ஒரு மாதிரி சிரித்தார், அது கிடக்கட்டும். 7 அயர்ன், 9 அயர்ன் இரண்டிலும் கோடு குதிப் பக்கம்தான் சாய்கிறது. உருக்காலை ஐயா சொன்னபடியே. வளைக்கப் பயமாக இருக்கிறது. ஷாஃப்டை அரை அங்குலம் நீட்டினால் போதாதா?

உருக்காலை ஓய்வு:
நீட்டினால் ஆடும்போது ஏறக்குறைய ஒரு டிகிரி நிமிர்ந்த மாதிரி வேலை செய்யும். ஆனால் ஸ்விங் வெயிட் மூன்று புள்ளி ஏறும், தலை கனத்துத் தெரியும். கனமான கிரிப் போட்டு அதைக் கொஞ்சம் ஈடுகட்டலாம். நான்கைந்து கிராம் கூடினால் ஒரு புள்ளி இறங்கும். முதலில் மணிக்கட்டு அளவை எடுங்கள். ஆள் நெட்டையாக இருந்தாலும் கையும் நீளமாக இருந்தால் நீட்டவே தேவைப்படாது, லை மட்டும் போதும்.

செட்டிப்பாளையம் சீனியர்:
கோடு சாய்ந்ததும் எல்லோரும் கிளப்பைப் பிடித்துக்கொண்டீர்கள். இறங்கி அடிக்கும்போது இடுப்பு முன்னால் போய் உடம்பு நிமிர்ந்தாலும் கை மேலே போகும், நுனி தரையில் குத்தும், கோடு குதிப் பக்கம்தான் சாயும். ஆளே காரணமா, அளவு காரணமா என்று அந்த மார்க்கர் சொல்லுமா? என்னிடம் வந்த நெட்டையர்கள் எல்லோருக்கும் இந்த வியாதி இருந்தது. அதற்கேற்றபடி கிளப்பை நிமிர்த்தி வைத்தால் அந்தத் தப்பு நிரந்தரமாகத் தங்கிவிடும். பிறகு நான் இடுப்பைச் சரிசெய்தால் பந்தெல்லாம் இடது பக்கம் போகும்.

உருக்காலை ஓய்வு:
இது நியாயமான கேள்வி சார். மார்க்கர் சொல்லாது.

அழகாபுரம் டாக்டர்:
நான் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. கிளப் எட்டாததால் உடம்பு நிமிர்கிறதா, உடம்பு நிமிர்வதால் கிளப் எட்டவில்லையா? என் விஷயத்தில் கிளப்தான் முதல் குற்றவாளி. நெட்டையன், பக்கவாட்டிலிருந்து யாரையாவது வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். நிற்கும்போது இருந்த கை உயரமும் பந்தில் படும்போது இருக்கும் கை உயரமும் ஏறக்குறைய ஒன்றாக இருந்தால் லை தப்பு. மிக அதிகமாக ஏறியிருந்தால் சீனியர் சொல்வது.

செட்டிப்பாளையம் சீனியர்:
வீடியோ எல்லாம் வேண்டாம். வருகிற ஞாயிறு ரேஞ்சுக்கு அந்த மார்க்கரோடு வாருங்கள் தம்பி, நான் பின்னால் நின்று பார்க்கிறேன். இடுப்பு நிலையாக இருந்தும் கோடு சாய்ந்தால், பெங்களூருவில் லை மட்டும் சரிசெய்து தருகிற ஆளின் நம்பரை நானே தருகிறேன்.

ஹஸ்தம்பட்டி நெட்டையன்:
சரி சார், விடிகாலையில் கிளம்பி வந்துவிடுகிறேன். டாக்டர் மேடம், வீடியோவும் எடுத்துப் போடுகிறேன்.

செவ்வாய்பேட்டை லேத்து:
அப்போ கிரிப்பாவது நான் மாற்றித் தரட்டுமா? பழையதை அறுத்து, டபுள் சைடு டேப் சுற்றி, தின்னர் ஊற்றிச் சொருகுவதுதான் என்று யூடியூபில் பார்த்தேன். அதில் வளைக்க ஒன்றும் இல்லை.

உருக்காலை ஓய்வு:
அதைச் செய்யலாம். ஒரு சுற்று டேப்புக்கு ஓர் அங்குலத்தில் 64-ல் ஒரு பங்கு தடிமன் கூடும், எண்ணிக்கொண்டு சுற்றுங்கள். கேஸ் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது, தின்னர் பற்றிக்கொள்ளும்.