மசோதா நிலையிலேயே வழக்கு: இலங்கையிடம் கற்க ஏதாவது உண்டா?

கடலூர்ப் பயணி:
கொழும்பில் வக்கீல் நண்பர் ஒருவர் வீட்டில் தங்கியிருந்தேன். மருந்து விலையில் ஆரம்பித்த பேச்சு காப்புரிமையில் போய் நின்றது. 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்க புலமைச் சொத்துச் சட்டத்தை எடுத்துக் காட்டினார். காப்புரிமை, பதிப்புரிமை, வணிகக்குறி என்று நமக்குத் தனித்தனிச் சட்டங்கள். அவர்களுக்கு எல்லாம் ஒரே புத்தகம். அது இருக்கட்டும். இந்தச் சட்டம் மசோதாவாக இருந்தபோதே குடிமக்கள் உச்ச நீதிமன்றத்துக்குப் போயிருக்கிறார்கள். கட்டாய உரிமம் (காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும் மற்றவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி), வெளிநாட்டில் மலிவாக விற்கும் அதே மருந்தை இறக்குமதி செய்வது போன்றவற்றை உலக வர்த்தக அமைப்பின் டிரிப்ஸ் ஒப்பந்தமே அனுமதிக்கிறது. அந்தத் தளர்வுகள் மசோதாவில் போதுமான அளவு இல்லை, இது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்று வாதம். நீதிமன்றம் ஏற்றது. திருத்திய பிறகே சட்டமானது. நம் நாட்டில் மசோதாவை எதிர்த்துக் குடிமகன் வழக்கே போட முடியாது. இந்த வழி நமக்கும் வேண்டும்.

மயிலை வக்கீல்:
பாதியைத்தான் சொல்கிறீர்கள். அங்கே சபாநாயகர் சான்றளித்துவிட்டால் அந்தச் சட்டத்தின் செல்லுபடியை எந்த நீதிமன்றமும் கேள்வி கேட்க முடியாது. இலங்கை அரசியலமைப்பு 80(3) பாருங்கள். இங்கே எந்தச் சட்டத்தையும் எந்த வருடமும் கேள்வி கேட்கலாம்.

கடலூர்ப் பயணி:
அந்தக் கதவு கம்பெனிக்கும் திறந்துதானே இருக்கிறது! பழைய மருந்தைக் கொஞ்சம் உருமாற்றி, பலன் கூடாமலே புதுக் காப்புரிமை கேட்டால் தரக்கூடாது என்கிறது நம் காப்புரிமைச் சட்டத்தின் 3(டி) பிரிவு. அது செல்லாது என்று நோவார்டிஸ் மருந்துக் கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்கே வந்தது. 2007-இல் அங்கே தோற்றார்கள். அவர்களுடைய இரத்தப் புற்றுநோய் மருந்தான கிளிவெக்கின் காப்புரிமை வழக்கு 2013 ஏப்ரலில்தான் உச்ச நீதிமன்றத்தில் முடிந்தது. இலங்கையில் மசோதா வழக்கு சில வாரங்களில் முடிந்துவிடும்.

யாழ் வாசகன்:
அண்ணை, அந்தச் சில வாரத்தில் எங்களுக்குக் கிடைப்பது கொஞ்ச நாள்தான். மசோதா நாடாளுமன்ற ஒழுங்குப் பத்திரத்தில், அதாவது நிகழ்ச்சி நிரலில், ஏறியதில் இருந்து அந்தக் கொஞ்ச நாளுக்குள் மனு போட வேண்டும். யாழ்ப்பாணத்தில் இருக்கிறவர் மசோதாவைத் தேடி எடுத்து, வாசித்து, கொழும்பில் சட்டத்தரணியைப் பிடித்து, காசு கட்டி... முடிகிற காரியமா? விட்டால் விட்டதுதான். தூரத்தில் இருந்து பார்க்க நல்லாத்தான் இருக்கும்.

சுக்குக்காப்பி:
மருந்தை விடுங்கள், கறுவாவை, அதாவது இலவங்கப்பட்டையைப் பாருங்கள். இலங்கைக் கறுவாவில் தாள் போன்ற மெல்லிய பட்டைகளைச் சுருளுக்குள் சுருளாக அடுக்கியிருப்பார்கள், விரலால் அழுத்தினாலே நொறுங்கும். நம் மளிகைக்கடையில் பெரும்பாலும் கிடைக்கும் தடித்த பட்டை காசியா, வேறு மரம். இவ்வளவு பெயர்பெற்ற சரக்குக்கு ஐரோப்பாவில் புவிசார் குறியீடு கிடைத்ததே 2022-இல்தான். உள்நாட்டில் புவிசார் குறியீட்டுப் பதிவேடு அமைக்கத் திருத்தச் சட்டம் வந்ததும் அதே வருடம். நம் டார்ஜிலிங் தேயிலை 2004-லேயே பதிவானது. யார் யாரிடம் கற்பது?

மயிலை வக்கீல்:
நல்ல கேள்வி. பயணி ஐயா, இன்னொன்று. நம் காப்புரிமைச் சட்டத்தில் 25(1) இருக்கிறது. காப்புரிமை தருவதற்கு முன்பே யார் வேண்டுமானாலும் எதிர்ப்பு மனு போடலாம். கிளிவெக் விண்ணப்பத்தை எதிர்த்தவர்களில் புற்றுநோயாளிகளுக்கு உதவும் அமைப்பும் ஒன்று. 2006 ஜனவரியில் சென்னை காப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது. அப்போது நோவார்டிஸ் மருந்து மாதம் சுமார் 1.2 லட்சம் ரூபாய். நம் ஊர்க் கம்பெனிகளின் மாத்திரை 8,000 முதல் 10,000. மறுத்த பிறகு, நீங்கள் சொல்லும் 2013 தீர்ப்பு வரையான ஏழு வருடமும் மலிவு மாத்திரை கடையில் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது.

கடலூர்ப் பயணி:
சரி, 25(1) நல்ல ஆயுதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனித்தனியாகப் போடும் சண்டை. சட்டமே கெட்டுப்போனால்? நாளைக்கு ஒரு வர்த்தக ஒப்பந்தத்தில் அரசு கையெழுத்துப் போட்டு, அதற்கேற்ப 3(டி)-யைத் தளர்த்தி மசோதா கொண்டுவந்தால் எங்கே போய் நிற்பது?

மயிலை வக்கீல்:
நாடாளுமன்றத்தில். 2005-இல் 3(டி) இன்றைய வடிவில் வந்ததே அங்கேதான். இடதுசாரிகள் அழுத்தம் கொடுத்தார்கள், அரசு இறங்கி வந்தது.

கடலூர்ப் பயணி:
அவர்கள் ஆதரவில் அரசு நின்றது, அதனால் இறங்கி வந்தது. அந்த எண்ணிக்கை இன்றைக்கு அவையில் இருக்கிறதா?