சாந்தியாகோ யாத்திரைப் பாதை: தனியாக நடக்க எங்கே தொடங்கலாம்?

ஸ்பெயினில் தனியாக நடந்து மனதைத் தெளிவாக்கிக்கொள்ள ஆசை. பத்து நாள்தான் லீவு. எங்கே தொடங்குவது?

பதில் 1:
சாரியா என்ற ஊர், வடமேற்கு ஸ்பெயினின் கலீசியா பகுதியில். அங்கிருந்து பாதை முடியும் சாந்தியாகோ நகரத்துக்குச் சுமார் 115 கி.மீ., ஆறு நாள் போதும். யாத்திரை முடித்த சான்றிதழுக்குக் குறைந்தது 100 கி.மீ. நடந்தே ஆகவேண்டும், யாத்ரீகர் கையேட்டில் தினமும் இரண்டு முத்திரை வாங்கவேண்டும். ஆனால் கூட்டம் அதிகம். தனிமைதான் நோக்கமென்றால் அக்டோபரில் போங்கள், காலைக் கும்பல் கிளம்பியபின் நடங்கள்.

பதில் 2:
நடக்க நடக்கக் கால் வீங்கும். ஷூ அரை சைஸ் பெரிதாக வாங்குங்கள். ஈரமும் உராய்வும் சேர்ந்தால் கொப்புளம்தான், மதியம் சாக்ஸ் மாற்றுங்க. பை, உடல் எடையில் பத்தில் ஒரு பங்குக்குள். ஜீன்ஸ் வேண்டவே வேண்டாம்! கலீசியா மழையில் காயாது.

பதில் 3:
ஷெங்கன் விசாவுக்கு (ஸ்பெயின் உள்ளிட்ட பல ஐரோப்பிய நாடுகளுக்கான பொது விசா) குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம்.