மறு: பேலட் – நிறத்தட்டா, நிறக்கொத்தா?

நண்பர்களே,

நிண்டெண்டோவின் பழைய என்.இ.எஸ். கருவிக்கு கேம் எழுதும் பயிலரங்கின் கையேட்டைத் தமிழாக்குகிறேன். வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. பேலட்டுக்கு (கேம் பயன்படுத்தும் நிறங்களின் தொகுதி) ‘வண்ணத்தட்டு’ என்றே போட்டுவந்தேன், மூன்றாம் இயலில் தடை. அந்தக் கருவி காட்டக்கூடிய சுமார் 54 நிறங்களும் பேலட். அவற்றிலிருந்து பின்னணிக்கு 4, ஸ்பிரைட்டுக்கு (திரையில் நகரும் உருவம்) 4 எனப் பிரிக்கும் சிறு தொகுதிகளும் பேலட். ஒவ்வொரு தொகுதிக்கும் சொந்த நிறம் 3 மட்டுமே, பின்னணியில் நான்காவது நிறம் எல்லாத் தொகுதிக்கும் பொது. பின்னணியில் 16×16 பிக்சல் சதுரத்துக்கு ஒரு தொகுதிதான் கொடுக்கலாம். பெரியதற்கும் சிறியதற்கும் தனித்தனிச் சொல் வேண்டும்.

---

‘வட்டிகைச் செய்தியின் வரைந்த பாவை’ என்கிறது மணிமேகலை. வட்டில், வட்டிகை இரண்டும் ஒலியில் நெருக்கம். பெரியதற்கு நிறவட்டிகை, சிறியதற்கு நிறவட்டில் என்று வையுங்கள். ‘வண்ணம்’ வர்ணத்தின் திரிபு, அதை ஒதுக்கிவிடலாம்.

---

ஐயா, வட்டிகைக்கு அகராதி தரும் பொருள் துகிலிகை. தூரிகையின் பெயரை நிறத் தொகுதிக்கு எப்படி வைப்பது? வண்ணத்தையும் விட மாட்டேன். தொல்காப்பியர் செய்யுளியலில் 20 வண்ணம் சொல்கிறாரே.

---

அது சந்தம். நிறமல்ல.

---

சந்தமும் நிறமும் அப்புறம். நிரல் எழுதுகிறவன் பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன். 1985-இல் வந்த சூப்பர் மேரியோ பிரதர்ஸில் மேகமும் புதரும் ஒரே படம். பேலட்தான் வேறு. படத்துக்குள் நிறமே கிடையாது, ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 3 வரை ஓர் எண் மட்டும். எந்த எண்ணுக்கு எந்த நிறம் என்பதைப் பேலட் சொல்கிறது. தட்டும் வட்டிலும் ஓவியர் கையில் பிடிப்பவை. அதிலிருந்து தொட்டுத் தீட்டிய நிறம் தீட்டிய இடத்திலேயே நிற்கும். இங்கே தொகுதியை மாற்றினால் படமே நிறம் மாறுகிறது. ஆகவே சிறியது ‘நிறக்கொத்து’. பெரியதற்கு ‘நிறவரிசை’ போதும், அதை வரிசை எண்ணால்தானே அழைக்கிறோம். இன்னொரு காரணமும் உண்டு. என்.இ.எஸ். நேராக டிவி சிக்னலை உருவாக்குகிறது. சிவப்பு, பச்சை, நீலம் என்று அளந்த கணக்கு அதற்குள் இல்லை. அதனால்தான் ஒரே வானம் ஓர் எமுலேட்டரில் (பழைய கருவியைப் போல இயங்கும் மென்பொருள்) ஊதாச் சாயலும் இன்னொன்றில் வெளிர்நீலமும் காட்டுகிறது. எண் மாறாது, நிறம் மாறும்.

---

நான் வகுப்பெடுப்பவள். பிள்ளைகள் வாயில் பேலட்தான் இருக்கிறது. நிறவட்டிகை என்று எழுதினால் பாதிப் பேர் அந்தப் பக்கத்தையே புரட்டிவிடுவார்கள். நிறக்கொத்து என்றால் விளக்கம் இல்லாமலே ஏறும். முதல் இடத்தில் பேலட் என்றும் சேர்த்து எழுதுங்கள், போதும்.

---

சரி, கொத்துக்கு ஆதரவு இருக்கிறது. நிறவரிசை, நிறக்கொத்து என்று வைத்து இன்றிரவு திருத்துகிறேன். கையேட்டுக்கு இன்னும் இரண்டு சொல்: படத்தின் நிறத்துக்கு வரிசையில் மிக நெருங்கிய நிறத்தைத் தேடுவது நிறப்பொருத்தம். கொத்துகள் ஒன்றோடொன்று கண்ணுக்கு ஒத்துப்போவது நிறவியைபு. மறுப்பு இருந்தால் நாளைக்குள் எழுதுங்கள்.

---

அச்சிடுங்கள், தடுக்கவில்லை. ஆனால் ஏற்கவும் இல்லை. கொத்து என்றால் ஒரே காம்பில் நிற்பவை. பின்னணித் தொகுதிகள் நான்குக்கும் அடிநிறம் ஒன்றே என்று உங்கள் கையேடே சொல்கிறது. காம்பு ஒன்று, கொத்து மட்டும் எப்படி நான்கு? அந்த அடிநிறத்துக்கு இதுவரை யாரும் சொல் தரவும் இல்லை.