லெனர்ட் கோஹனின் 'அல்லேலூயா': நீங்கள் பாடுவது யாருடைய பாட்டு? (புனைபெயரில் மூவர் பேசுகிறார்கள்)

பழைய ரெக்கார்டு:
கனடியப் பாடகர் கோஹனின் பாட்டு என்று பாடுகிறவர்களில் பாதிப்பேர் பாடுவது இன்னொரு பாடகர் ஜான் கேல் கோத்த பாட்டை. 1984இல் 'வேரியஸ் பொசிஷன்ஸ்' ஆல்பத்தில் வந்தபோது நாலு சரணம், சிந்தசைசர், பின்னால் கோரஸ். அந்த ஆல்பத்தை அமெரிக்காவில் வெளியிட இசை நிறுவனமான கொலம்பியா மறுத்துவிட்டது. பிறகு மேடைகளில் கோஹன் வேறு சரணங்கள் பாடினார். 1991இல் 'ஐம் யுவர் ஃபேன்' என்ற கோஹன் பாடல் தொகுப்புக்குக் கேல் அசலின் முதல் இரண்டை வைத்துக்கொண்டு, கடைசி இரண்டைத் தள்ளி, அந்த மேடைச் சரணங்களில் மூன்றைச் சேர்த்தார். வெறும் பியானோ. 1994இல் அமெரிக்கப் பாடகர் ஜெஃப் பக்லி எடுத்ததும் இதே ஐந்துதான்.

கண்டுபிடிக்க ஒரு வழி: 'பாட்டின் ஆண்டவர்' (Lord of Song) முன் நிற்கும் சரணத்தில் முடிந்தால் கோஹன் கிளை. காதல் கற்றுத்தந்தது சுடுவதை மட்டுமே என்று வந்தால் கேல் கிளை. (கோஹனே பின்னாளில் இரண்டையும் கலந்து பாடினார், அது தனிக்கதை.)

கேப்போ ஐந்து:
பக்லி சாயலுக்கு கிதாரின் ஐந்தாவது ஃப்ரெட்டில் கேப்போ (தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கிளிப்), பிடிப்பது ஜி வடிவங்கள், ஒலிப்பது சி மேஜர். முதல் சரணத்தில் நான்காவது, ஐந்தாவது, மைனர், மேஜர் என்று வரியே கார்டைச் சொல்லிக்கொண்டு போகிறது: எஃப், ஜி, ஏ மைனர், எஃப். உங்கள் கைக்கு அவை சி, டி, ஈ மைனர், சி.

சறுக்குவது அடுத்த வரியில். அங்கே வருவது ஈ செவன் (ஏழாம் ஸ்வரம் சேர்ந்த ஈ மேஜர்), கையில் பி செவன். அதிலிருக்கும் ஜி ஷார்ப் சி மேஜர் ஸ்கேலுக்கு வெளியே நிற்கிற ஸ்வரம். அதுதான் ஏ மைனருக்கு இழுக்கிறது. 'எல்லாம் ஒரே ஸ்கேல்' என்று ஈ மைனர் (கையில் பி மைனர்) பிடித்தால் இழுப்பே இருக்காது, பல்லவி சப்பென்று தொடங்கும்.

மிருதங்கக் கை:
தாளம் 6/8. நம் கணக்கில் திஸ்ர நடை, அடிக்கு மூன்று. இதை நேர் நாலாக ஸ்ட்ரம் செய்தால் சொற்கள் அடிக்கு முன்னும் பின்னும் தள்ளாடும். சுருதியை முதல் வரியை வைத்து முடிவு செய்யாதீர்கள், அது கீழேயே உலவும். மெட்டு படிப்படியாக ஏறி ஈ மேஜர் வரும் இடத்தில்தான் உச்சம் தொடுகிறது. அங்கே தொண்டை இறுகினால் கேப்போவை இரண்டு ஃப்ரெட் இறக்குங்கள்.

பழைய ரெக்கார்டு:
'ஷ்ரெக்' (2001) பார்த்துவிட்டு வருபவர்களுக்கு: படத்தில் ஒலிப்பது கேல், படத்தின் இசை ஆல்பத்தில் இருப்பது ரூஃபஸ் வெயின்ரைட். அவர் பாடியதில் வரியிலிருக்கும் 'புனிதப் புறா' (holy dove) 'புனித இருள்' (holy dark) ஆகிவிட்டது. இணையத்தில் எடுத்த வரிகளில் இருள் இருந்தால் மூலம் அவர்.

2008 கிறிஸ்துமஸ் வாரம் பிரிட்டன் பாடல் பட்டியலில் இந்தப் பாட்டே மூன்று முறை: முதலிடம் பாடகி அலெக்ஸாண்ட்ரா பர்க், இரண்டாமிடம் பக்லி. எழுதியவர் 36ஆம் இடத்தில்!