ஒரே முகாம் குடும்பம், பிறந்த தேதி மட்டும் வேறு வேறு: யாருக்கு இந்தியப் பாஸ்போர்ட் கிடைக்கும்?

வைகைக்கரை

எங்கள் ஊரை ஒட்டி இருக்கும் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமில் ஒரு குடும்பத்துக்காகக் கேட்கிறேன். ஆள் விவரம் இது.

அண்ணன் 1979-இல் மன்னாரில் பிறந்தவர். 1984-இல் பெற்றோரோடு படகில் வந்தார். மனைவி எங்கள் ஊர்ப் பெண், 1982-இல் இங்கேயே பிறந்தவர். மகன் பிறந்தது 2003 மே, மகள் 2012.

தங்கை 1986 நவம்பரில், குடும்பம் மண்டபம் முகாமில் இருந்தபோது பிறந்தவர். கணவர் 1980-இல் கிளிநொச்சியில் பிறந்து 1990-இல் வந்தவர். ஒரே மகள், 2008.

எல்லோரிடமும் ஆதார் இருக்கிறது, மகனிடம் லைசென்ஸும் உண்டு. மகன் ஐ.டி.ஐ. ஃபிட்டர் முடித்திருக்கிறார், கத்தாரில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். பாஸ்போர்ட் கேட்டுப் போன இடத்தில் பிரவுசிங் சென்டர்காரர், "முகாம் விலாசம் போடாம வெளி விலாசம் போட்டுடலாம், ஐயாயிரம் ஆகும்" என்றாராம். வாட்ஸப்பில் வேறு, மத்திய அரசின் 2025 செப்டம்பர் உத்தரவோடு எல்லோருக்கும் குடியுரிமை வந்துவிட்டது என்று ஓடுகிறது. இதில் யார் விண்ணப்பிக்கலாம், எந்தத் தாள்கள் வேண்டும்?

செல்லாத்தாள்

முதலில் அந்த ஐயாயிரத்தைக் கொடுக்க வேண்டாம் என்று சொல்லுங்கள். இந்தியர் அல்லாதவர் தன் குடியுரிமையை மறைத்துப் பாஸ்போர்ட் வாங்கினால், பாஸ்போர்ட் சட்டம் 1967-இன்படி குறைந்தது 1 ஆண்டு, அதிகபட்சம் 5 ஆண்டு சிறை. வேடிக்கை என்னவென்றால், இந்த மகனுக்கு மறைக்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் இந்தியர்.

குடியுரிமைச் சட்டம் 1955, பிரிவு 3 முழுக்கப் பிறந்த தேதியை வைத்து நிற்கிறது.

1987 ஜூலை 1-க்கு முன் இந்திய மண்ணில் பிறந்திருந்தால், பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது (தூதரக அதிகாரிகளின் பிள்ளைகள் மாதிரிச் சில விலக்கு தவிர). தங்கை இதில் வருகிறார். 2022 ஆகஸ்டில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை நளினி கிருபாகரன் வழக்கில் பாஸ்போர்ட் தரச் சொன்னது இதே அடிப்படையில்தான். அவரும் 1986-இல் மண்டபத்தில் பிறந்தவர். 2024 மக்களவைத் தேர்தலில் அவர் ஓட்டும் போட்டார்.

1987 ஜூலை 1 முதல் 2004 டிசம்பர் 2 வரை பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவர் இந்தியராக இருந்தால் போதும். மகன் இதில் வருகிறார், அம்மா வழியாக.

2004 டிசம்பர் 3 முதல் இருவரும் இந்தியராக இருக்க வேண்டும். அல்லது ஒருவர் இந்தியர், மற்றவர் "சட்டவிரோதக் குடியேறி" அல்லாதவராக இருக்க வேண்டும். பாஸ்போர்ட் இல்லாமல் படகில் வந்தவரை இந்தச் சட்டம் அந்த வார்த்தைக்குள்தான் வைக்கிறது. ஆகவே 2012-இல் பிறந்த மகள் பிறப்பால் இந்தியர் ஆகவில்லை. ஒரே அப்பா, ஒரே அம்மா, ஒருவேளை ஒரே ஆஸ்பத்திரி. 2003-இல் பிறந்த அண்ணன் இந்தியன், 2012-இல் பிறந்த தங்கச்சி இல்லை. 2008 மகளுக்கும் இப்போதைக்கு இதே நிலைதான்.

1979-இல் பிறந்தவர் இந்தியப் பெண்ணைக் கட்டியிருக்கிறாரே என்றால், திருமணம் வழியாகப் பதிவு செய்யும் வழி பிரிவு 5-இல் உண்டு. ஏழு ஆண்டு இங்கே குடியிருந்திருக்க வேண்டும். ஆனால் 2003 திருத்தம் அந்த வாசலையும் சட்டவிரோதக் குடியேறிக்கு அடைத்துவிட்டது. சிலரை அந்த வார்த்தையிலிருந்து விலக்கிய 2019 திருத்தம் (சி.ஏ.ஏ.) பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் மூன்றோடு நின்றது, இலங்கை அதில் இல்லை.

நீலப்பேனா

தாள் விஷயம் நான் சொல்றேன். முகாம்காரங்க பாஸ்போர்ட் நிக்கிறது பெரும்பாலும் சட்டத்துல இல்ல, தாள்லதான்.

தங்கைக்கு: பிறந்த தேதி எதுன்னு காட்டினா பத்தாது, பிறந்தது இந்தியாவிலன்னு காட்டணும். பள்ளி டி.சி. தேதியை மட்டும்தான் நிரூபிக்கும். அதுல தேசியம்ங்கிற இடத்துல "இலங்கை"ன்னு எழுதியிருந்தா அதுவே எதிரா நிக்கும். பிறப்புச் சான்றிதழ் கண்டிப்பா வேணும். பழைய சான்றிதழ்ல "பெண் குழந்தை"ன்னு மட்டும் இருந்து பேர் இல்லாம இருக்கும், அப்படின்னா பேரை முதல்ல சேர்க்கணும். பதிவே இல்லைன்னா, "பதிவேட்டில் இல்லை"ன்னு ஒரு சான்று வாங்கி, அதோட வருவாய்க் கோட்டாட்சியர் (ஆர்.டி.ஓ.)கிட்ட தாமதப் பதிவுக்கு மனு போடணும். ஆஸ்பத்திரி பிரசவப் பதிவேட்டு நகல், முகாம் பதிவேட்டுல குழந்தை பேர் சேர்த்த பக்கத்தோட நகல், ரெண்டும் இருந்தா மனு வலுவா இருக்கும்.

முகாம் பதிவேட்டு நகலுக்கு ஆர்.டி.ஐ. போடலாம்னு சொல்வாங்க. தகவல் உரிமைச் சட்டம் குடிமக்களுக்குத்தான். குடியுரிமையே கேள்வியா இருக்கிறவர் அதுல போட்டா "நீங்க குடிமகன் இல்ல"ன்னு ஒரு பதிலை எழுத்துலயே வாங்கி வைக்கிற மாதிரி ஆயிடும். திங்கக்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாள்ல சாதா மனுவாக் குடுத்து, மனு எண்ணோட ரசீது வாங்கிக்கங்க.

மகனுக்கு: அவரோட பிறப்புச் சான்றிதழ், அம்மாவோட பிறப்புச் சான்றிதழ். அம்மா 1982-ல இங்க பிறந்தவங்க, அதனால அந்த ஒரு தாளே அவங்களை இந்தியர்னு காட்டிடும். மகன் சான்றிதழ்ல இருக்கிற அம்மா பேரும், அம்மா சான்றிதழ்ல இருக்கிற பேரும் எழுத்து மாறாம ஒண்ணா இருக்கணும். ஒண்ணுல "முத்துலெட்சுமி", இன்னொண்ணுல "எம். லட்சுமி"ன்னு இருந்தா விண்ணப்பம் போடுறதுக்கு முன்னாடியே திருத்துங்க. கல்யாணத்தைப் பதிவு பண்ணலையேன்னு பயப்பட வேணாம், அம்மாவழி உரிமைக்கு அது தேவையில்ல.

விண்ணப்பம் சாதாரண முறைதான். 36 பக்கம், பத்து வருஷம், 1,500 ரூபா. குடியுரிமை எப்படிங்கிற கேள்விக்கு "பிறப்பால்"னு போடணும். விலாசம் முகாம்னா முகாம்னே எழுதணும். கூடவே ஒரு பக்கக் கடிதம் வைங்க: பிறந்த தேதி, இடம், பிரிவு 3-ல எந்த உட்பிரிவு, 2022 தீர்ப்பு. போலீஸ் சரிபார்ப்புல கியூ பிராஞ்ச் (முகாம்களைக் கண்காணிக்கிற போலீஸ் உளவுப் பிரிவு) பதிவேட்டைப் பார்த்து "இலங்கை அகதி"ன்னு அறிக்கை போயிடும். கடிதம் கோப்புல இருந்தா அதைத் தாண்டி ஒருத்தர் யோசிக்க இடம் இருக்கு.

மறுத்தா வாய்ல சொல்ற பதிலை ஏத்துக்காதீங்க, காரணத்தை எழுத்துல கேளுங்க. "இந்தியக் குடிமகன் அல்ல"ன்னு பாஸ்போர்ட் சட்டம் பிரிவு 6-ஐக் காட்டி வரும். அதிலிருந்து 30 நாளுக்குள்ள தலைமைப் பாஸ்போர்ட் அதிகாரிக்கு மேல்முறையீடு. இல்லைன்னா நேரா உயர் நீதிமன்றத்துல ரிட் மனு. ராமநாதபுரம், சிவகங்கை, திருச்சி பக்கம்னா மதுரைக் கிளை, கும்மிடிப்பூண்டி, பவானிசாகர் முகாம்னா சென்னை. தங்கை பெண்ங்கிறதால வருமான வரம்பு பார்க்காம இலவச சட்ட உதவி உண்டு, 15100-க்குக் கூப்பிடலாம்.

பாலாவிக்காற்று

இலங்கைப் பக்கத் தாள்களைப் பற்றி ஒருத்தரும் சொல்லேல்லை, அதால எழுதுறன்.

1986-இல பிறந்த தங்கச்சியின்ர பேரில சின்ன வயசில ஆராவது சென்னைத் துணைத் தூதரகத்தில இலங்கைக் குடியுரிமைக்குப் பதிஞ்சிருக்கினமோ எண்டு முதல் கேளுங்கோ. முகாம் பிள்ளையள் கனபேருக்கு அப்பிடிப் பதிஞ்சிருக்கு. வளர்ந்தாப் பிறகு தானே விரும்பி வேற நாட்டுக் குடியுரிமை எடுத்தவை இந்தியக் குடியுரிமையை இழப்பினம், அது பிரிவு 9. தாய் தகப்பன் சின்னனில பதிஞ்சது வேற கதை, ஆனால் வழக்கறிஞருக்கு அதை மறைக்கக் கூடாது. இலங்கைப் பாஸ்போர்ட் எடுக்க இப்ப ஏதாவது படிவம் நிரப்பிக்கொண்டிருந்தா அதை நிப்பாட்டுங்கோ.

2008 பிள்ளை தகப்பன் வழியா இலங்கைக் குடியுரிமைக்குப் பதியலாம். பிறந்து ஒரு வருசத்துக்குள்ள செய்திருக்க வேணும், பிந்தினால் தண்டப்பணத்தோட எடுப்பினம். பிள்ளையின்ர இந்தியப் பிறப்புச் சான்றிதழ், தகப்பன்ர பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், தாய் தகப்பன்ர விவாகப் பதிவு, முகாம் அட்டை. இதுக்கு விவாகப் பதிவு கட்டாயம் பார்ப்பினம். முகாம் கோயில்ல தாலி கட்டினதோட நிண்டிருந்தா முதல் அதைப் பதியுங்கோ.

தகப்பன்ர பத்திரம் இல்லையெண்டால் அவர் பிறந்த இடத்துக்குரிய பிரதேச செயலகத்தில அங்க இருக்கிற சொந்தக்காரர் ஒராளை விண்ணப்பிக்கச் சொல்லலாம். பதிவு இலக்கம் தெரியாட்டி, இந்த வருசத்தில இருந்து இந்த வருசம் வரைக்கும் தேடித் தாங்கோ எண்டு கேக்கலாம். பிழைக்கிறது பேரில. அங்க தகப்பன் பேர் முழுசா முன்னுக்கு இருக்கும், இங்க அது ஒரு எழுத்தாச் சுருங்கியிருக்கும். ரெண்டும் ஒராள்தான் எண்டு சத்தியக்கடதாசி (பிரமாணப் பத்திரம்) ஒண்டு வைக்க வேணும். பதிவே கிடைக்காட்டி உத்தேச வயதுப் பத்திரம் எண்டு ஒண்டு இருக்கு, ஆனால் அது தாமதம் பிடிச்ச அலுவல். ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் இந்த வேலையளைக் கனகாலமாச் செய்யுது, அவையிட்டக் கேளுங்கோ.

இலங்கைக் குடியுரிமை எடுத்தவுடன திரும்பிப் போக வேணும் எண்டில்லை. போறதெண்டால் வெளியேறும் அனுமதி, கியூ பிராஞ்ச் தடையின்மை எல்லாம் வேணும். பாஸ்போர்ட் இல்லாமல் நாட்டை விட்டு வெளிக்கிட்டது இலங்கைச் சட்டத்தில குற்றம். 2025-இல அப்பிடித் திரும்பின வயோதிபர் ஒராள் யாழ்ப்பாணம் பலாலி விமான நிலையத்தில கைதானவர். சட்டத்தரணி ஒராளோட கதைச்சிட்டு டிக்கெட் போடுங்கோ.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. தங்கை பேரில் இலங்கைப் பதிவு எதுவும் இல்லை என்கிறார்கள். இன்னொன்று கிடைத்தது. தங்கையின் கணவருடைய அப்பா ஹட்டன் பக்கத் தோட்டத்தில் இருந்தவர், 1977 கலவரத்துக்குப் பிறகு கிளிநொச்சிக்கு வந்தாராம். டிரங்குப் பெட்டியில் அவருடைய பழைய இந்தியப் பாஸ்போர்ட் இருக்கிறது, கண்டியில் கொடுத்தது, 1982. "காலாவதி ஆனது, எதுக்கு ஆகும்" என்று வைத்திருக்கிறார்கள். 2012 மகளுக்கு வழி உண்டா என்பதும் பாக்கி.

செல்லாத்தாள்

அந்தப் பாஸ்போர்ட்டைப் பத்திரமாக வையுங்கள். கதையே மாறுகிறது.

இலங்கை, இந்தியப் பிரதமர்கள் போட்ட 1964 சிறிமாவோ-சாஸ்திரி ஒப்பந்தத்தில் 5,25,000 மலையகத் தமிழரை (இலங்கைத் தோட்டங்களில் இருந்த இந்திய வம்சாவளித் தமிழர்) இந்தியா ஏற்பதாக ஒப்புக்கொண்டது, 1974-இல் இன்னும் 75,000. கண்டியில் இந்தியப் பாஸ்போர்ட் வாங்கியும் கப்பல் ஏறாதவர்கள் ஏராளம். 1984-இல் தலைமன்னார் - ராமேஸ்வரம் கப்பல் நின்றதும் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். பிறகு சண்டையில் படகேறி வந்தபோது கரையில் அவர்களையும் "அகதி" என்றே பதிந்தார்கள். பாஸ்போர்ட் காலாவதி ஆகும், குடியுரிமை காலாவதி ஆகாது.

அதன் உள்பக்கத்தைத் திறந்து பாருங்கள். அந்தக் காலத்தில் சிறு பிள்ளைகளின் பெயரைப் பெற்றோர் பாஸ்போர்ட்டிலேயே எழுதுவார்கள். 1980-இல் பிறந்த மகன் பெயர் அங்கே இருந்தால், அவரும் அப்போதே பதிவான இந்தியர் என்று வாதிட அதைவிட நல்ல தாள் கிடையாது. பெயர் இல்லாவிட்டால் தந்தை பதிவான தேதியைப் பாருங்கள். பாஸ்போர்ட் 1982 என்றாலும் குடியுரிமைப் பதிவு அதற்கு முன்பே நடந்திருக்கலாம். தந்தை பதிவான பிறகு மகன் பிறந்திருந்தால் பிரிவு 4-இன்படி தந்தைவழி இந்தியர்.

அவர் இந்தியர் என்று நிலைத்துவிட்டால் 1990-இல் படகில் வந்தது பொருட்டில்லை. சட்டவிரோதக் குடியேறி என்ற வார்த்தை வெளிநாட்டவருக்கு மட்டுமே. அப்பா இந்தியர், அம்மா இந்தியர், ஆகவே 2008 மகளும் பிறப்பால் இந்தியர். மேலே நான் "இப்போதைக்கு" என்று எழுதியதை அவர் விஷயத்தில் நீக்கிவிடலாம். அந்த மகளுக்கு இலங்கைப் பதிவு போடும் வேலையை இது தெளியும் வரை தள்ளிப்போடுங்கள்.

மூலத்தை யாரிடமும் விட்டுவரக் கூடாது. எல்லாப் பக்கத்தையும், வெற்றுப் பக்கம் உட்பட, கலரில் ஸ்கேன் செய்து நோட்டரி சான்றோடு நகல் மட்டும் கொடுங்கள். கலெக்டர் வழியாக உள்துறை அமைச்சகத்துக்கு மனு போக வேண்டும். மலையக வழி வந்தவர்களின் மனுக்களைப் பரிசீலிக்கச் சொல்லி மதுரைக் கிளை 2019-இல் கொடுத்த தீர்ப்பையும் இணையுங்கள்.

2012 மகள்: இங்கேயே பிறந்தவள், எந்த எல்லையையும் தாண்டி "நுழைந்தவள்" அல்ல. ஆகவே சட்டவிரோதக் குடியேறி என்ற வரையறை அவளுக்குப் பொருந்தாது என்பது வலுவான வாதம். பிரிவு 5-இல் சிறப்புச் சூழல் இருந்தால் மைனரைக் குடிமகளாகப் பதிய மத்திய அரசுக்கு அதிகாரம் உண்டு. அம்மா இந்தியர், உடன்பிறந்த அண்ணன் இந்தியர் என்பதைத்தான் சூழலாகக் காட்ட வேண்டும். அண்ணன் பாஸ்போர்ட் முதலில் வந்துவிட்டால் அதன் நகலே பெரிய ஆதாரம். 18 முடிவதற்குள் மனு பதிவாகியிருக்க வேண்டும்.

நீலப்பேனா

வாட்ஸப் செய்தி பத்தி யாரும் பதில் சொல்லலையே. 2025 செப்டம்பர் உத்தரவு, 2015 ஜனவரி 9 வரைக்கும் வந்து பதிவு பண்ணிக்கிட்ட இலங்கைத் தமிழர்மேல, பாஸ்போர்ட், விசா இல்லாம இருக்காங்கன்னு புதுக் குடியேற்றச் சட்டத்துல நடவடிக்கை எடுக்காம விலக்கு குடுக்குது. அவ்வளவுதான். குடியுரிமைச் சட்டத்துல ஒரு எழுத்தும் மாறல. 1979-காரருக்கு அதுல கிடைக்கிறது நிம்மதி, பாஸ்போர்ட் இல்ல. ஆனா அவர் மனைவி, மகன், தங்கை மூணு பேர் கோப்பையும் தனித்தனியா நடத்துங்க. ஒரே கவர்ல குடும்ப மனுவாப் போட்டா, யாரோ ஒருத்தருக்குத் தாள் பத்தலைன்னு மொத்தமாத் திருப்பி அனுப்பிடுவாங்க.